1050 டி.ஐ.-யையும் 4090-ஐயும் ஒரே திரையில் ஓடவிடும் தம்பி தங்கைகளுக்கு

தமிழில் கணினி உதிரிபாகங்களைப் பிரித்துக் காட்டி, ஓட்டிப் பார்த்து, வாங்கலாமா வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்லும் அன்புத் தம்பி தங்கைகளே,

உங்கள் வீடியோக்களை விடாமல் பார்க்கிறவன் நான். ஆசை பாதி, பிழைப்பு பாதி. ஞாயிறு இரவு நீங்கள் ஒன்றைச் சொன்னால், திங்கள் காலை அது கேள்வியாக என் சர்வீஸ் கடைக்கு வந்துவிடும். "அண்ணே, 1050 டி.ஐ. இனிமேல் குப்பைதானாமே?" என்பான் ஒரு பையன். "4090 போட்டா இருபது மடங்கு வேகமாம், நம்ம சிஸ்டத்துல உட்காருமா?" என்பான் கூட வந்தவன். அவனுடைய கேபினெட்டைத் திறந்து பார்த்தால் உள்ளே 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். இருக்கும். வீட்டில் இருப்பது 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றும் சொல்வான்.

இந்த இரண்டு கிராபிக்ஸ் கார்டையும் மோதவிடும் உங்கள் வீடியோவின் அமைப்பு எனக்கு மனப்பாடம். இடப்பக்கம் ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ., வலப்பக்கம் ஆர்.டி.எக்ஸ். 4090. ஒரு கேம் ஓடும். இடது மூலையில் 18, 21, 19 என்று எண் தத்தளிக்கும். வலது மூலையில் நூற்றுக்கு மேல் பறக்கும். பிறகு இரண்டு பட்டைகள் வரும். ஒன்று நகக்கண் நீளம், இன்னொன்று திரையைத் தாண்டும். பழைய கார்டு வரும்போதெல்லாம் பின்னணியில் ஒரு சோகப் புல்லாங்குழல். சிரிப்பு வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பட்டை எதை அளந்தது என்று யாரும் சொல்வதில்லை. என் வழக்கு அதில்தான்.

முதலில் காகிதக் கணக்கைப் போட்டுவிடுவோம். 1050 டி.ஐ. வந்தது 2016 அக்டோபரில், விலை 139 டாலர். 4090 வந்தது 2022 அக்டோபரில், 1,599 டாலர். இந்தியாவுக்கு என்விடியா அறிவித்த ஆரம்ப விலை 1,55,000 ரூபாய். இடையில் ஆறு வருடம். முதலாவதில் 768 குடா கோர்கள், இரண்டாவதில் 16,384. பூஸ்ட் வேகம் 1,392 மெகாஹெர்ட்ஸிலிருந்து 2,520-க்கு ஏறியது. கோர் 21 மடங்கு, வேகம் 1.8 மடங்கு, பெருக்கினால் 2.1 டெராஃப்ளாப்ஸ் கணக்குத் திறன் 82.6 ஆகிறது. ஏறக்குறைய 39 மடங்கு.

இந்த 39 எங்கிருந்து வந்தது என்பதை உங்களில் ஒருவராவது ஒரு வீடியோவில் விளக்கியிருக்கலாம். 1050 டி.ஐ.-யின் சிப் 132 சதுர மில்லிமீட்டர். அதில் 330 கோடி டிரான்சிஸ்டர்கள். சாம்சங்கின் 14 நானோமீட்டர் முறையில் செய்தது. 4090-இன் சிப் 608 சதுர மில்லிமீட்டர். 7,630 கோடி டிரான்சிஸ்டர்கள். தைவானின் டி.எஸ்.எம்.சி., 4என் என்ற முறையில் செய்தது. பரப்பு 4.6 மடங்குதான் பெருத்திருக்கிறது. டிரான்சிஸ்டரோ 23 மடங்கு. மீதி எல்லாம் நெருக்கம்: ஒரு சதுர மில்லிமீட்டரில் இரண்டரைக் கோடி இருந்த இடத்தில் பன்னிரண்டரைக் கோடி. ஆறு வருடத்தில் ஐந்து மடங்கு அடர்த்தி. எனக்கு ஆச்சரியம் தருவது இதுதான். அந்த நீளப் பட்டை அல்ல.

இன்னும் ஒரு வகுத்தலைச் செய்து பாருங்கள். 1050 டி.ஐ.-யின் மின்சாரத் தேவை 75 வாட். 4090-க்கு 450. அதாவது 6 மடங்கு மின்சாரத்தில் 39 மடங்கு கணக்கு. வாட்டுக்கு ஆறு மடங்குக்கும் மேல் லாபம். விலையில் பார்த்தால் 11.5 மடங்கு பணத்துக்கு 39 மடங்கு. டாலருக்கு ஏறக்குறைய மூன்றரை மடங்கு லாபம். "பழசுதான் தங்கம்" என்று என் வயதுக்காரர்கள் சிலர் சொல்லித் திரிவதை இந்தக் கணக்கு அடித்துவிடும். பழைய கார்டு சிக்கனமானது என்பது, அது குறைவாகச் சாப்பிடுகிறது என்ற அளவில்தான் உண்மை. சாப்பிட்டதற்கு வேலை செய்கிறதா என்று கேட்டால் புதுசுதான் முன்னால் நிற்கும். 4090-இல் ஃப்ரேமை 60-க்குக் கட்டிப்போட்டு, பழைய கேம் ஒன்றை ஓட்டிப் பாருங்கள். 450 வாட்டின் பக்கமே போகாது.

ஆக, நான் 1050 டி.ஐ.-க்கு வக்காலத்து வாங்க வரவில்லை. 39 மடங்கு காகிதத்தில் இருக்கிறது. பையன் வீட்டுத் திரைக்கு அது எவ்வளவு வந்து சேரும் என்பதை நீங்கள் காட்டுவதில்லை.

உங்கள் சோதனை மேசையில் இரண்டு கார்டையும் ஒரே சிஸ்டத்தில் மாட்டுகிறீர்கள். சந்தையில் கிடைக்கும் உச்சப் பிராசஸர், 32 ஜி.பி. ராம். கார்டைத் தவிர வேறெதுவும் தடையாக இருக்கக் கூடாது என்பதற்காக. சோதனை முறை என்ற அளவில் சரிதான். ஆனால் 1050 டி.ஐ. உலகத்தில் எங்கே வாழ்கிறது? கம்பெனிகள் கழித்துவிட்ட நாலாம் தலைமுறை ஐ5 ஆபீஸ் கணினிக்குள் வாழ்கிறது. அந்தப் பெட்டிகளில் 240, 250 வாட் எஸ்.எம்.பி.எஸ். இருக்கும், கார்டுக்கென்று தனி மின்வயரே வராது. மதர்போர்டின் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட் 75 வாட் வரை கொடுக்கும், 1050 டி.ஐ.-க்கு அதுவே போதும். வயர் இல்லை, பின் இல்லை, சொருகினால் படம் வரும். ஒரு தலைமுறைப் பையன்கள் அந்தக் கார்டைக் கொண்டாடியதற்கு இது ஒன்றே காரணம் என்பேன். அதைப் பட்டையில் எப்படி வரைவீர்கள்?

ஒரு நாள் மாற்றிச் செய்து பாருங்கள். 4090-ஐ எடுத்து அந்த நாலாம் தலைமுறை ஐ5-இல் (எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் மாற்றிக்கொண்டு) மாட்டி, 1080பி திரையில் ஓட்டுங்கள். பிராசஸர் மூச்சிரைக்க ஓடும். கார்டு கை கட்டிக்கொண்டு காத்திருக்கும். திரையைத் தாண்டிய அந்தப் பட்டை எவ்வளவு சுருங்குகிறது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியட்டும். எங்கள் தெருப் பையனுக்கு உபயோகமான வீடியோ அதுதான்.

மானிட்டர் கதையும் அதேதான். 60 ஹெர்ட்ஸ் திரை நொடிக்கு 60 படம்தான் காட்டும். கார்டு 300 வரைந்தாலும் மிச்சம் 240 முழுப் படமாகக் கண்ணுக்கு வராது. கை அசைவுக்கும் திரைக்கும் இடையிலான தாமதம் சற்றுக் குறையும், அவ்வளவுதான். 2020-இல் வேலரண்ட் என்ற கேம் வந்தபோது, நொடிக்கு 144 ஃப்ரேமுக்கு மேல் வேண்டுமானால் என்ன கார்டு வேண்டும் என்று அதைச் செய்த நிறுவனமே பட்டியல் போட்டது. அந்த மேல்வரிசையில் இருந்த பெயர் 1050 டி.ஐ. வேலரண்ட் மட்டும் ஆடுகிற பையனுக்கு 4090 வாங்கிக் கொடுப்பது, கல்யாண மண்டபத்து அடுப்பைப் பற்றவைத்து ஒரு டம்ளர் காபி போடுகிற கதை. நான் இதைச் சொன்னால் கடைக்காரன் வயிற்றெரிச்சல் என்கிறார்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

சரி, 39 மடங்கு கணக்குத் திறன் இருந்தும் பெரிய கேமில்கூட 39 மடங்கு ஃப்ரேம் வராததற்கு இன்னொரு காரணம் மெமரி. 1050 டி.ஐ.-யின் மெமரி நொடிக்கு 112 ஜி.பி. கொடுக்கும், 4090-இன் மெமரி 1,008 ஜி.பி. இது 9 மடங்குதான். கோர்கள் 21 மடங்கு பெருத்துவிட்டன, அவற்றுக்குத் தீனி போடும் பாதை 9 மடங்குதான் அகலமானது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் 1 எம்.பி. இருந்த எல்2 கேஷை 72 எம்.பி. ஆக்கினார்கள். எடுத்த தகவலையே திரும்பத் திரும்ப வெளியே போய் எடுக்காமல் சிப்புக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. இந்தக் கேஷைப் பற்றி நீங்கள் பேசி நான் கேட்டதில்லை.

மெமரியின் அளவுதான் பழைய கார்டின் நிஜமான நோய். 4 ஜி.பி. நிரம்பிவிட்டால் மிச்சத்தைக் கணினியின் ராமில் வைக்க வேண்டும். அங்கிருந்து எடுத்துவரும் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் 3.0 பாதை நொடிக்கு 16 ஜி.பி.யைத் தாண்டாது. 112-இல் ஓடிக்கொண்டிருந்தது 16-இல் தவழும். அப்போது சராசரி ஃப்ரேம் 45 என்று காட்டும்; ஆனால் திரும்பும் இடத்தில், கதவு திறக்கும் இடத்தில், படம் ஒரு கணம் உறைந்து குதிக்கும். ஆடுகிறவனுக்கு எரிச்சல் மூட்டுவது அந்தக் குதிப்பு. உங்கள் பட்டையில் வருவது சராசரி. "1 சதவீதக் குறைந்த ஃப்ரேம்" என்று ஒரு எண்ணைச் சிலர் ஓரமாகப் போடுகிறீர்கள், நல்லது. அதைப் பெரிய எழுத்தில் போடுங்கள், சராசரியை ஓரத்துக்குத் தள்ளுங்கள். கூடவே டெக்ஸ்சர் செட்டிங்கை ஒரு படி இறக்கினால் அந்தக் குதிப்பு எவ்வளவு அடங்குகிறது என்றும் காட்டுங்கள். அல்ட்ரா செட்டிங்கில் 1050 டி.ஐ.-யைச் சோதிப்பது அதை அவமானப்படுத்தத்தான் உதவும். அந்தக் கார்டு வைத்திருக்கிற யாரும் அல்ட்ராவில் ஆடுவதில்லை.

இந்த 4 ஜி.பி.க்கு ஒரு வேடிக்கையான பூர்வகதை உண்டு. 2020 கடைசியில் கிராபிக்ஸ் கார்டெல்லாம் எத்தீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தைத் தோண்டுகிறவர்களிடம் போய்க்கொண்டிருந்தது. தோண்டுவதற்கு கார்டின் மெமரியில் ஒரு கோப்பு முழுசாக உட்கார வேண்டும். அது நாளுக்கு நாள் பெருக்கும். அந்த டிசம்பரில் அது 4 ஜி.பி.யைத் தாண்டியது. அன்றோடு 1050 டி.ஐ. தோண்டுகிறவர்களுக்கு ஆகாத கார்டு. 2021 தொடக்கத்தில், ஐந்தாவது வயதில் இருந்த அதை என்விடியா மறுபடி சந்தைக்கு அனுப்பியது. புதுக் கார்டு கிடைக்காத ஆட்டக்காரர்களுக்கு அது கிடைத்தது. மெமரி போதாமல் இருந்ததே அதைக் காப்பாற்றிய சமயமும் இருந்தது என்று சொல்லத்தான் இந்தக் கிளைப்பேச்சு. திரும்பி வருகிறேன்.

பட்டைகளில் இன்னொரு கலப்படம் நடக்கிறது. இதை யாரும் வேண்டுமென்று செய்வதாக நான் நினைக்கவில்லை. மெனுவில் தானாக ஆன் ஆகியிருப்பதைக் கவனிக்காமல் விடுகிறீர்கள். 4090-இல் டி.எல்.எஸ்.எஸ். 3 வந்தது. கார்டு வரைந்த இரண்டு படங்களுக்கு நடுவே மூன்றாவதாக ஒன்றை ஊகித்துச் செருகும். பார்வைக்கு வழவழப்பு கூடும். ஆனால் செருகுவதற்காக ஒரு படத்தைப் பிடித்துவைக்க வேண்டியிருப்பதால், மவுஸை அசைத்ததற்கும் திரை அசைவதற்கும் உள்ள நேரம் குறையாது. அதைப் போட்டு எடுத்த எண்ணை 1050 டி.ஐ. தானே வரைந்த ஃப்ரேமின் பக்கத்தில் நிறுத்தினால் அது எப்படி ஒப்பீடாகும்? இதில் உங்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. 2025 ஜனவரியில் லாஸ் வேகாஸ் மேடையில் என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் 5070 கார்டு 4090-இன் செயல்திறனைத் தரும் என்றார். ஒன்றுக்கு மூன்று படம்வரை ஊகித்துச் செருகும் புது வித்தையைச் சேர்த்துச் சொன்ன கணக்கு அது. பெரியவரே மேடையில் அப்படிச் சொன்னால் பிள்ளைகள் வேறென்ன செய்வார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. நீங்களாவது ஊகித்த ஃப்ரேமுக்கு வேறு நிறத்தில் பட்டை போடுங்கள். ஏ.எம்.டி.யின் எஃப்.எஸ்.ஆர்., 1050 டி.ஐ.-யிலும் ஓடும்; குறைந்த அளவில் வரைந்து பெரிதாக்கும் அந்த வசதியைப் போட்டும் ஒரு வரி காட்டுங்கள். அந்தக் கார்டை வைத்து இன்றும் சமாளிக்கிறவர்கள் அதை நம்பித்தான் சமாளிக்கிறார்கள்.

இனி மின்சாரம். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-இல் கொண்டுவந்தார்கள். 4090-ஐ முழு வீச்சில் தினம் நாலு மணி நேரம் ஓட்டினால் நாளுக்கு 1.8 யூனிட், அறுபது நாளுக்கு 108. கார்டு ஒன்றே இலவச யூனிட் முழுவதையும் விழுங்கி, மேலே எட்டு யூனிட் கேட்கும். பிராசஸர், மானிட்டர், ஏ.சி. எல்லாம் அதற்கு மேல். 1050 டி.ஐ. அதே நேரம் ஓடினால் 18 யூனிட். இந்த இரண்டு எண்ணையும் எந்த வீடியோவிலும் நான் பார்க்கவில்லை. பில் கட்டுகிற அப்பாவுக்கு ஃப்ரேமைவிட இது சீக்கிரம் புரியும். ஏ.சி. என்றதும் நினைவுக்கு வருகிறது: ஒரு டன் ஏ.சி. வெளியேற்றும் வெப்பம் சுமார் 3.5 கிலோவாட். கார்டு தின்கிற 450 வாட்டும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகத்தான் இறங்கும். ஏ.சி.யின் எட்டில் ஒரு பங்கு உழைப்பு கார்டுக்கே போய்விடும். மே மாத மதுரையில் இது சின்ன விஷயம் இல்லை.

வீட்டில் இருக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ்.ஸின் கதை அதைவிடப் பரிதாபம். அது தாங்குவது 360 வாட் அளவுக்குத்தான். கரண்ட் போன அடுத்த நொடி, கேமோடு சேர்த்து யு.பி.எஸ்.ஸும் படுத்துவிடும். எஸ்.எம்.பி.எஸ். 850 வாட்டாவது வேண்டும் என்று என்விடியாவே சொல்கிறது. கார்டின் நீளம் என்விடியாவின் சொந்த மாடலிலேயே 304 மில்லிமீட்டர், மூன்று ஸ்லாட் தடிமன், எடை இரண்டு கிலோவுக்கு மேல். மற்ற கம்பெனிகள் செய்தவை இன்னும் பெரிசு. பழைய கேபினெட்டில் ஹார்ட் டிஸ்க் கூண்டில் இடிக்கும். நீங்கள் திறந்த மேசையில் வைத்துச் சோதிப்பதால் இந்தச் சங்கடம் ஒன்றும் உங்களுக்குத் தெரிவதில்லை.

4090-க்கு மின்சாரம் கொடுக்கும் 16 பின் பிளக்கை மட்டும் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். கட்டைவிரல் நகம் இரண்டை ஒட்டிவைத்த அகலம்கூட இருக்காது. பெரிய பின் பன்னிரண்டு, மேலே ஒட்டிக்கொண்டு குட்டிப் பின் நாலு. பன்னிரண்டில் ஆறு 12 வோல்ட், ஆறு கிரவுண்டு. 450 வாட்டை 12-ஆல் வகுத்தால் 37.5 ஆம்பியர், ஆறு பின்னுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு ஆறேகால். பிளக் 600 வாட் வரை தாங்கும் என்று போட்டிருக்கிறது. அந்த அளவுக்குப் போனால் பின்னுக்கு எட்டு ஆம்பியரைத் தாண்டும். சரியாக உட்கார்ந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஒரு மில்லிமீட்டர் வெளியே நின்றால் பின் சூடேறும், பிளாஸ்டிக் இளகும், கருகிய வாடை வரும். 2022 கடைசியில் இப்படி உருகிய பிளக் படங்கள் உலகமெங்கும் சுற்றின. முழுசாக அழுத்திச் சொருகாதது பரவலாகக் காணப்பட்ட காரணம் என்று என்விடியா சொன்னது. பிற்பாடு அந்தப் பிளக்கையே திருத்தினார்கள்: குட்டிப் பின்னைக் குட்டையாக்கி, மின்பின்னை நீளமாக்கி, முழுசாக உட்காராவிட்டால் கார்டு உயிரே பெறாதபடி. பயனர் கைப்பிழைதான் காரணம் என்றால், கை பிழைபடாத பிளக்கை முதலிலேயே செய்திருக்கலாம் அல்லவா? அசெம்பிள் வீடியோ போடும்போது இந்தப் பிளக்குக்கு ஒரு நிமிஷம் ஒதுக்குங்கள். டக்கென்று உட்காரும் வரை அழுத்தி, பிளக்கை ஒட்டியே வயரை மடிக்காமல் கொஞ்சம் நேராக விட்டு வளைப்பதைக் கையோடு காட்டுங்கள்.

இப்போது மின்சாரமும் பிளக்கும் ஒரு பக்கம் இருக்கட்டும். பழைய கார்டின் ஆயுளை முடிப்பது எது என்ற கேள்வியில் நாம் எல்லாருமே தப்பான பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று எனக்குப் படுகிறது. வேகம் குறைந்தால் செட்டிங்கை இறக்கிக்கொள்ளலாம், 720பி-யில் ஆடலாம். கதவே திறக்காவிட்டால் என்ன செய்வது? 2023 அக்டோபரில் வந்த ஆலன் வேக் 2, மெஷ் ஷேடர் என்ற வசதியை நம்பி எழுதப்பட்டது. 1050 டி.ஐ. சேர்ந்திருக்கும் 10 வரிசைக் கார்டுகளில் அது கிடையாது. கேம் தவித்தது, சில மாதம் கழித்து ஒரு பேட்ச் கொடுத்துப் பழைய கார்டுகளுக்குக் கொஞ்சம் உயிர் ஊட்டினார்கள். 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமும், 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸும் ரே டிரேசிங்குக்கான தனிப்பகுதி கார்டில் இல்லாவிட்டால் ஆட்டத்துக்கே வராது. இங்கே 18 ஃப்ரேமா 20 ஃப்ரேமா என்ற பேச்சுக்கே இடமில்லை.

டிரைவரும் அப்படியே. 10 வரிசைக்குப் புதுக் கேம்களுக்கான டிரைவர் 2025 அக்டோபரோடு முடிகிறது என்று என்விடியா அறிவித்தது. அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாதுகாப்புத் திருத்தம் மட்டும், 2028 அக்டோபர் வரை. ஒன்பது வருடம் டிரைவர் கொடுத்தது குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். போனுக்கு மூன்று வருடத்தில் கைவிரிக்கிறவர்களை நமக்குத் தெரியும். அதே 2025-இல் என்விடியாவின் குடா மென்பொருளின் 13-ஆம் பதிப்பும் 10 வரிசையை விட்டுவிட்டது. ஏ.ஐ. படிக்கிறேன் என்று வரும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இது ஃப்ரேமைவிட முக்கியமான செய்தி. 1050 டி.ஐ.-யில் பழைய குடா பதிப்பை வைத்துப் பாடம் படிக்கலாம். நாளை வரும் கருவிகள் ஒவ்வொன்றாக நழுவும்.

இந்தப் பக்கத்தில்தான் 4090-இன் நிஜமான மதிப்பு இருக்கிறது. நீங்கள் அதைத் தொடுவதே இல்லை. 24 ஜி.பி. மெமரி. முப்பது பில்லியன் பாராமீட்டர் அளவுள்ள மொழி மாடல் ஒன்றை 4 பிட்டாகச் சுருக்கினால் அது வீட்டுக் கணினியில் அப்படியே உட்காரும். 1050 டி.ஐ.-யின் 4 ஜி.பி.யில் ஏழு பில்லியன் மாடலே முழுசாக உட்காராது. 2023 அக்டோபரில் அமெரிக்கா சீனாவுக்கான சிப் ஏற்றுமதித் தடையை இறுக்கியபோது, ஆட்டத்துக்காக விற்ற இந்தக் கார்டும் அதில் மாட்டியது. சீனச் சந்தைக்கென்றே கோர்களைக் குறைத்து 4090 டி என்று ஒன்றைச் செய்தார்கள். பிளெண்டரில் வேலை பார்க்கிற தங்கைக்கும், ஏ.வி.1-இல் வீடியோ ஏற்றுகிற உங்களுக்கும் 4090 பணத்தைத் திருப்பித் தரக்கூடிய கார்டு. வேலைக்காக வாங்கலாமா என்று ஒரு வீடியோ போடுங்கள். ஆட்டத்துக்காக என்றால் 4கே திரையும் அதற்கேற்ற பிராசஸரும் வைத்திருப்பவருக்கு மட்டும் என்று சொல்லி நிறுத்துங்கள்.

என் பெரிய குறை இனிமேல்தான் வருகிறது. இந்த இரண்டு கார்டுக்கும் இடையில் தேர்வு செய்கிற மனிதன் யார்? 139 டாலர்க் கார்டு வைத்திருந்தவன் அடுத்து 1,599 டாலர்க் கார்டு வாங்கப் போவதில்லை. அவன் தேடுவது இன்றைய 139 டாலர்க் கார்டை. அது எங்கே? 2019-இல் 1650 வந்தது, 149 டாலர், 75 வாட், மெமரி அதே 4 ஜி.பி. பிறகு அந்த நாற்காலி ஏறக்குறைய காலி. 2024 பிப்ரவரியில் 3050-இன் 6 ஜி.பி. மாடல் வந்தது, 70 வாட், பெரும்பாலான மாடல்களுக்குத் தனி வயர் வேண்டாம், ரே டிரேசிங்கும் உண்டு. 1050 டி.ஐ.-யின் நேர் வாரிசு அதுதான். அதைப் பற்றி எத்தனை வீடியோ வந்தது? எஸ்.எம்.பி.எஸ். மாற்றத் தயார் என்றால் 132 வாட் ரேடியான் ஆர்.எக்ஸ். 6600, 12 ஜி.பி. மெமரியோடு 249 டாலருக்கு அறிவித்த இண்டல் ஆர்க் பி580 என்று பேச நிறைய இருக்கிறது. பி580-ஐப் பழைய பிராசஸரில் மாட்டினால் தடுமாறும். அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கீழ்த்தட்டு ஏன் காலியானது என்பதற்கு என்விடியாவின் வரவுசெலவே பதில் சொல்லும். 2025 நிதியாண்டில் டேட்டா சென்டர் வருமானம் 11,500 கோடி டாலருக்கு மேல். கேமிங் 1,135 கோடி. பத்தில் ஒரு பங்குதான். இரண்டுக்கும் வேண்டிய புதுத் தலைமுறைச் சிப் ஒரே தைவான் நிறுவனத்தில்தான் செய்யப்படுகிறது. அந்த வரிசையில் 139 டாலர்க் கார்டுக்கு இடம் பிடிக்க யாருக்கு அக்கறை இருக்கும்? இதை என்விடியா மேல் கோபமாகச் சொல்லவில்லை. கடை வைத்திருக்கிறவன் என்பதால் எனக்கு அந்தக் கணக்கு புரிகிறது. ஆனால் சின்னக் கார்டு கேட்கிறவன் குரலை எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். அவனையே வீடியோவில் கேலிப்பொருளாக நிறுத்தினால் எப்படி?

கடைசியாக ஒரு வேலை சொல்கிறேன், இதை மட்டும் தட்டாதீர்கள். உங்கள் வீடியோவைப் பார்த்துவிட்டுப் பலர் 1050 டி.ஐ.-யை விற்கிறார்கள், காசில்லாத இன்னும் பலர் செகண்ட் ஹேண்டில் அதையே வாங்குகிறார்கள். அதில் போலி நிறைய. 2011 காலத்து 550 டி.ஐ. போன்ற கார்டின் பயாஸை மாற்றி எழுதி, மேலே 1050 டி.ஐ. ஸ்டிக்கர் ஒட்டி விற்பார்கள். விண்டோஸும் 1050 டி.ஐ. என்றே பெயர் காட்டும். பின்பக்கம் நீல நிற வி.ஜி.ஏ. போர்ட் இருந்தாலே சந்தேகப்பட வேண்டும், ஏனென்றால் 10 வரிசைச் சிப்பில் அந்த அனலாக் வெளியீடு கிடையாது. ஜி.பி.யு.-இசட் என்ற இலவச மென்பொருள் 2018 முதல் இந்த மாதிரிப் போலியைக் கண்டுபிடித்துப் பெயருக்கு முன்னாலேயே 'ஃபேக்' என்று காட்டிவிடுகிறது. ஷேடர் எண்ணிக்கை 768 இருக்கிறதா, மெமரி ஜி.டி.டி.ஆர்.5, 128 பிட் என்று வருகிறதா என்று பார்த்தால் போதும். பிறகு கால் மணி நேரம் ஒரு கேமை ஓடவிட்டு, ஃபேன் சத்தத்தையும் சூட்டையும் கவனிக்கச் சொல்லுங்கள். சூடு சரசரவென்று ஏறினால் உள்ளே தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்புக் கட்டியாகக் காய்ந்திருக்கும். அது மாற்றக்கூடிய குறைதான், அதற்கான செலவை விலையில் குறைத்துக் கேட்கலாம். ஓட்டிக் காட்ட மாட்டேன் என்று விற்கிறவர் சொன்னால், பேரம் பேசாமல் எழுந்து வந்துவிடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
மதுரையிலிருந்து, கணினி சர்வீஸ் கடை வைத்திருக்கும் உங்கள் அண்ணன் ஒருவன்